இரண்டு கறுப்புச் சட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மழை வந்தால் அம்மாவுக்கு முட்டி வலி கூடுகிறது, மற்றபடி ஒன்றுமில்லை. தினமும் போனில் பேசுகிறவருக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் ரெண்டாவது நிமிஷமே அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதோடு, இங்கிலாந்தில் லீட்ஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற நீ போன ஞாயிற்றுக்கிழமை கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை.

"முப்பது வருஷம் ஒரே ஸ்டியரிங்கப் புடிச்சீங்களே, வேலைக்குப் போகவே புடிக்காத நாள் வந்ததில்லையாப்பா?" என்று கேட்டாய். நான் "அதெல்லாம் பழகிடும்மா" என்றேன். நடுவில் அம்மா புகுந்து, "அங்கதான் கோயில் இருக்கே, வெள்ளிக்கிழமை ஒரு நடை போயிட்டு வா, மனசு நிக்கும்" என்றாள். "எனக்கு அதெல்லாம் போயிடுச்சும்மா" என்று வைத்துவிட்டாய். அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. உன்மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்குத்தான் நாலு நாளாக ஒரே யோசனை. என்னை முப்பது வருஷம் ஓட வைத்தது சாமிதான் என்று அம்மா இன்றைக்கும் நம்புகிறாள். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அவளிடம் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

1983-இல் நான் டிப்போவில் சேர்ந்த முதல் நாள், என் முன்னால் நின்ற சீனியர் டிரைவர் வண்டியில் ஏறியதும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் ஒற்றிக்கொண்டேன். ரிட்டயர் ஆன நாள் வரை ஒரு நாளும் விட்டதில்லை. முன் கண்ணாடிக்கு மேலே ஒரே சட்டத்துக்குள் பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மக்கா மூன்றும் இருக்கிற படம், நீ சின்னப் பிள்ளையில் பார்த்திருப்பாய். பூ வாங்குவது என் முறை, ஊதுபத்தி வாங்குவது கண்டக்டர் பாய் முறை. பதினாறு வருஷம் ஒரே வண்டியில் ஓடினோம். பூ வாங்க நான் மறந்தால் அவர் கோபித்துக்கொள்வார்.

பாயும் நானும் எப்படி சிநேகமானோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகை நேரத்துக்கு எங்கள் வண்டிக்கு ஒரு நடை இருந்தது. அவர் சேர்ந்த புதிது. கேட்கக் கூச்சம். நானே போய் டைம்கீப்பரிடம் பேசி, அந்த ஒரு நடைக்கு வேறு கண்டக்டரைப் போட வைத்தேன். அதற்கு ஈடாக அந்தக் கண்டக்டரின் ஞாயிற்றுக்கிழமை நடையை பாய் பார்த்துக்கொடுத்தார். அந்தக் கண்டக்டர் சர்ச்சுக்குப் போகிறவர். பொங்கல், தீபாவளிக்கு பாய் டூட்டி பார்ப்பார். ரம்ஜானுக்கு நான் பார்ப்பேன். எங்கள் டிப்போவில் பாதிப் பேருடைய சிநேகம் இப்படி டூட்டி மாற்றிக்கொண்டதில் வந்ததுதான். ஒருத்தர் சாமிக்கு இன்னொருத்தர் நேரம் கொடுத்தோம். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

டிரைவர் வேலையில் ஒரு வேடிக்கை. ஊரெல்லாம் சாமி பார்க்கிற நாளில் சாமி பார்க்காதவன் டிரைவர்தான். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை ஸ்பெஷல். பழனிக்குத் தைப்பூசம் ஸ்பெஷல். திருவண்ணாமலைக்கு மாதா மாதம் பௌர்ணமி ஸ்பெஷல். கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம். 2,668 அடி மலை உச்சியில் சாயங்காலம் ஆறு மணிக்கு தீபம் ஏற்றும்போது நான் பல வருஷம் தற்காலிக பஸ் ஸ்டாண்டில், வண்டிக்குப் பக்கத்தில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "அரோகரா" என்று ஊரே சத்தம் போடும். நானும் போடுவேன், வாயில் சோறோடு. பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிவிட்டு வருகிற கிழவிகள் படியில் ஏற முடியாமல் ஏறி, "நீ நல்லா இருப்படா" என்பார்கள். அன்றைக்குக் கூடுதல் சம்பளம் வராது, தூக்கம்தான் போகும். ஆனால் நீ கேட்ட அந்த 'பிடிக்காத நாள்' கணக்கில் அந்த ராத்திரிகளை நான் சேர்க்க மாட்டேன்.

பிடிக்காத நாள் வந்தது 1996-இல். நீ ஒண்ணாவது படித்துக்கொண்டிருந்தாய், உனக்கு நினைவிருக்காது. மழை ராத்திரி, கடைசி நடை. ஒரு வளைவில் விளக்கில்லாத சைக்கிளில் ஒரு பெரியவர் குறுக்கே வந்துவிட்டார். உயிர் தப்பியது, கால் போனது. ஊர்க்காரர்கள் கண்ணாடியை உடைத்தார்கள், என்னையும் இரண்டு அடி போட்டார்கள். மறுநாள் சஸ்பென்ஷன், போலீஸ் கேஸ். நாலு மாதம் பிழைப்பூதியம், அதாவது சம்பளத்தில் ஒரு பகுதிதான். அந்த நாலு மாதத்தில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

நம் ஊர் அம்மன் கோயிலுக்குப் பன்னிரண்டு வருஷம் வெள்ளி தவறாமல் போயிருந்தேன். அர்ச்சனைச் சீட்டு, விளக்கு, பிரகாரம், வீடு. அந்தக் கோயிலிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. எப்படி வருவார்கள்? பூசாரிக்கு என் நட்சத்திரம் தெரியும், பேர் தெரியாது. நானும் யாருடனும் பேசியதில்லை. சாமியிடம் மட்டும் பேசினேன்.

வந்தது சபரிமலைக் குழு. எங்கள் குருசாமி டயர் செக்‌ஷனில் வேலை செய்தவர். கார்த்திகை ஒண்ணாம் தேதி டிப்போ மேனேஜரே அவர் காலைத் தொட்டு மாலை வாங்கிக்கொள்வார். அந்தக் காட்சிக்காகவே சிலர் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நிற்பார்கள். நாற்பத்தோரு நாள் எல்லாரும் எல்லாருக்கும் 'சாமி'. விடிவதற்கு முன்னால் குளியல், செருப்பில்லாத காலால் கிளட்ச் மிதிப்பது, ஒவ்வொரு நாள் ஒருத்தர் வீட்டில் பஜனை. யார் வீட்டில் கடன், யார் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் பஜனை முடிந்து சுண்டல் சாப்பிடும்போது தானாக வெளியே வந்துவிடும். நான் சஸ்பென்ஷனில் இருந்தபோது குருசாமி ஒரு மூட்டை அரிசியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். "கடன்னு நெனைக்காதீங்க சாமி" என்றார். பாய் ஒவ்வொரு வெள்ளியும் தொழுகை முடிந்த கையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். பேச்சு அதிகம் இருக்காது.

இன்னொருத்தர் வந்தார். மெக்கானிக், எல்லாரும் அவரை 'தோழர்' என்போம். பெரியார் கட்சி. எங்கள் டிப்போவில் கார்த்திகை மாதம் இரண்டு விதக் கறுப்புச் சட்டை நடமாடும், ஒன்று மாலை போட்டவர்களுடையது, இன்னொன்று வருஷம் முழுக்க அவர் ஒருத்தருடையது. "எங்களப் பாத்துக் காப்பி அடிக்கிறீங்களா?" என்று கேலி செய்வார். ஆயுத பூஜை அன்றைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது எட்ட நிற்பார், பொரி கடலை கொடுக்கும்போது முதல் ஆளாகக் கை நீட்டுவார். "பொரிக்கு என்னய்யா மதம்?" என்பார். அந்த மனிதர்தான் எனக்கு வக்கீல் பிடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டு மரத்தடியில் என்னோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று அவர் எந்தச் சாமியிடமும் கேட்டிருக்க மாட்டார். வந்து உட்கார்ந்தார்.

திரும்ப வேலைக்குப் போன நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்குகிறது. பாய் அன்றைக்கு டிக்கெட் போட்ட நேரம் போக மீதி நேரமெல்லாம் என் சீட்டுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வளைவு வந்தபோது மட்டும் "மெதுவா" என்றார்.

உன் அண்ணி காலேஜில் சமூகவியல் எடுக்கிறாள் அல்லவா, அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். சாமி கும்பிடுகிறவர்கள் அதிகத் திருப்தியாக இருக்கிறார்கள் என்று பல காலமாகச் சொல்கிறார்களே, அது ஏன் என்று அமெரிக்காவில் சேயூன் லிம், ராபர்ட் பட்னம் என்று இரண்டு பேர் ஆராய்ந்து 2010-இல் எழுதியிருக்கிறார்கள் என்றாள். தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள். வாரா வாரம் வழிபாட்டுக்குப் போகிறவர்கள், அங்கேயே மூன்றிலிருந்து ஐந்து நெருங்கிய நண்பர்களும் இருக்கிறவர்கள், இவர்களில் நூற்றுக்கு 33 பேர் வாழ்க்கையில் மிக மிகத் திருப்தி என்றார்களாம். வாரா வாரம் போயும் அங்கே ஒரு நண்பரும் இல்லாதவர்களில் 19 பேர். அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களில் எத்தனை தெரியுமா? அதே 19. நான் அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருஷ வெள்ளிக்கிழமை எனக்கு அதில் தெரிந்தது.

தனியாகச் செய்கிற பிரார்த்தனை கணக்கில் பெரிதாகத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்களாம். அந்த ஒரு இடத்தில் எனக்கு அவர்களோடு ஒத்துப் போகவில்லை. கை நடுங்கிய அன்றைக்கு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் நான் முதல் கியர் போட்டிருக்க மாட்டேன். அது யார் கணக்கிலும் வராது, வர வேண்டியதும் இல்லை.

அது வாழ்க்கையைப் பற்றிய கணக்குதானே, வேலையைப் பற்றி உண்டா என்று கேட்டேன். ஸ்வீடனில் 1988-இல் வந்த ஒரு ஆராய்ச்சியைச் சொன்னாள். வேலைப் பளு அதிகம், தன் வேலையில் தனக்கே அதிகாரம் இல்லை, கூட வேலை செய்கிறவர்கள் ஆதரவும் இல்லை, இந்த மூன்றும் சேர்ந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாம். கேட்டதும் டிரைவர் வேலையைத்தான் நினைத்தேன். அப்புறம் உன் வார்டை நினைத்தேன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஷிஃப்ட், எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று யாரோ போடுகிற பட்டியல், தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. தனியாகச் சாப்பிடுகிறேன் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாமியும் குழுவும் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வருவதாக எடுத்துக்கொள்ளாதே. கெட்டதும் பார்த்திருக்கிறேன். காலைத் தொட்டு மாலை வாங்கிய அதே மேனேஜர், மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் குருசாமியை "டேய், இங்க வாடா" என்று கூப்பிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதைவிட மோசம் ஒன்று. வண்டி கழுவுகிற ஒருத்தர் எங்களோடு மாலை போட்டார். காலனிக்காரர். பஜனை எல்லார் வீட்டுக்கும் போனது, அவர் வீட்டுக்கு மட்டும் இரண்டு வருஷம் போகவில்லை. தேதி ஒத்து வரவில்லை, தெரு குறுகல், இப்படி ஏதோ சொன்னார்கள். எனக்குக் காரணம் தெரியும். எல்லாருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வருஷம் குருசாமியே, "இந்த வருஷம் மொத பூஜை அங்கதான், வர்றவன் வா" என்றார். எட்டுப் பேர் வரவில்லை. நான் போனேன். ஆனால் இரண்டு வருஷம் கழித்துப் போனேன் என்பதை மறக்கவில்லை. மாலை போட்ட முதல் நாளிலிருந்து அவரை 'சாமி' என்றுதான் கூப்பிட்டேன், பாப்பா. கூப்பிட்டுவிட்டு அவர் வீட்டைத் தாண்டிப் போனேன்.

பக்தி என்னை ஊமையாக்கிய இடமும் உண்டு. ஆள் பற்றாக்குறை என்று டபுள் டூட்டி போடுவார்கள். ராத்திரி பதினொன்றுக்கு வண்டியை விட்டுவிட்டு விடியற்காலை நாலுக்குத் திரும்ப எடுக்க வேண்டும். "விதி, அவன் பாத்துப்பான்" என்று ஓட்டினேன். தோழர்தான் ஒரு நாள் கையைப் பிடித்து நிறுத்தினார். "சாமி குடுத்த தூக்கத்த மேனேஜர் எடுத்துக்கிறான், அதையும் சாமிதான் கேக்கணுமா?" சங்கத்தில் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம். இரண்டு டூட்டிக்கு நடுவில் ஓய்வு வந்தது, முழுசாக இல்லை, ஓரளவுக்கு. அன்றைக்கு நான் கற்பூரம் ஏற்றினேன், தோழருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இனி உன் விஷயம். உனக்கு ஏன் நம்பிக்கை போனது என்று எனக்குத் தெரியும். 2021 மே மாதம் சென்னையில் அந்த வார்டில் நீ பார்த்ததை நான் பார்க்கவில்லை. "அங்க நெறைய தேடினேன்ப்பா" என்று ஒரே ஒரு முறை சொன்னாய். அதற்குமேல் நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. அம்மாவுக்காக விபூதி பூசிக்கொண்டு வீடியோ காலில் வர வேண்டாம். அவளுக்கு அது நடிப்பென்று தெரிந்துவிடும். தெரிந்துதான் சாப்பிடாமல் படுக்கிறாள்.

உன் வார்டில் கேரளத்துப் பெண்கள் சனிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், பிலிப்பைன்ஸ் அக்கா ஞாயிறு பூசைக்குக் கூப்பிட்டார்கள், நம்பிக்கை இல்லாமல் போய் உட்கார்வது ஏமாற்று வேலை என்று மறுத்துவிட்டாய். அது நேர்மை. அண்ணியும் அதைத்தான் சொன்னாள். அந்த அமெரிக்கக் கணக்கில் நண்பர்கள் மட்டும் இருந்தால் போதாது, 'இது என் இடம்' என்ற நினைப்பும் சேர வேண்டுமாம். அதனால் போ என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ ஜெபத்துக்கு மட்டும் முடியாது என்று சொன்னாயா, அவர்களுக்கே முடியாது என்று சொன்னாயா? கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கும்.

வருகிற டிசம்பர் 25 டூட்டியை நீ கேட்டு வாங்கு. அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த அக்காவிடம் போய், "நீங்க பூசைக்குப் போங்க, பிள்ளைங்களோட இருங்க, நான் பாத்துக்கிறேன்" என்று சொல். உனக்கு எந்த நம்பிக்கையும் வேண்டாம் அதற்கு. பாயிடம் நான் ஆரம்பித்தது அப்படித்தான். பொங்கலுக்கோ, இல்லை சும்மா தூங்குவதற்கோ உனக்கு ஒரு நாள் அவர்கள் திருப்பித் தருவார்கள். தராவிட்டாலும் உன் பேர் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அடிபடும். லீட்ஸில் சீக்கியர்கள் குருத்வாரா இருக்கிறதென்று சொன்னாயே, அங்கே பந்தியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், உன் நம்பிக்கையை யாரும் சோதிக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலேயே சேப்ளின் என்று ஒருத்தர் இருப்பாராம், நோயாளிகளுக்கு மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களுக்கும், சாமி இல்லாதவர்களுக்கும் அவரிடம் பேச இடம் உண்டாம். அண்ணி நெட்டில் பார்த்துச் சொன்னாள். போவதும் போகாததும் உன் இஷ்டம். ஷிஃப்ட் பட்டியல் அநியாயமாக இருந்தால் நர்ஸுகள் சங்கத்தில் கேள். அதை ஜெபக் கூட்டத்தில் கொண்டுபோய் வைக்காதே.

ஒரு பேர் மட்டும் எனக்கு வேண்டும். கை நடுங்குகிற அன்றைக்கு உன் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு யார் நிற்பார்கள்? இப்போது இல்லையென்றால் இல்லை என்றே சொல். அடுத்த வருஷம் திரும்பக் கேட்பேன்.

பாய் போன வாரம் வந்திருந்தார். கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார், ரஜினி மாதிரி இருக்கிறேனா என்று அம்மாவிடம் கேட்டார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். தோழர் இல்லை, உனக்குத் தெரியும். அவர் சொன்னபடி சடங்கு எதுவும் இல்லாமல்தான் எடுத்தோம். குருசாமி அன்றைக்கு மாலையில் இருந்தார், சாவு வீட்டுக்கு வரக் கூடாது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். அந்த வருஷம் மலைக்குப் போகவில்லை.

அம்மாவிடம் நீயே பேசு, நான் நடுவில் வர மாட்டேன். நைட் முடிந்து காலையில் நீ பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அப்போது கூப்பிட்டால் அவளும் ஒரு வாய் கூடச் சாப்பிடுவாள். அந்த ஊரில் இறங்குகிற ஒவ்வொருத்தரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார்கள் என்று சொன்னாயே, அதை நான் திண்ணையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாதிப் பேர் நம்பவில்லை. நாளைக்கு இறங்கும்போது நான் விசாரித்ததாக உன் வண்டி டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா